ஃபிரிட்ஜ் ஏன் வாங்கினாள் என்று கேட்டீர்களா?

கேள்வி: என்னோடு பள்ளியில் ஒன்றாகப் படித்த தோழி ஒருத்தி ஊரில் இருக்கிறாள். நான்கு வருடங்களுக்கு முன் அவள் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து மாதம் 3,000 ரூபாய் அனுப்புகிறேன். பகலில் தையல் வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். போன மாதம் ஊருக்குப் போனபோது அவள் வீட்டில் தவணையில் வாங்கிய புது ஃபிரிட்ஜ் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து என் கணவர், "நீ கொடுத்துக் கொடுத்தே அவங்களைச் சோம்பேறி ஆக்குறே" என்கிறார். நான் போகும்போதெல்லாம் அவள் முருங்கைக்கீரை, முறுக்கு என்று எதையாவது கட்டிக் கொடுப்பாள். பாவம், அவளிடம் போய் வாங்குவதா என்று மறுத்துவிடுவேன். நானும் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள்தான். ஆனாலும் மனசு குழம்புகிறது. நாம் செய்யும் உதவி உண்மையிலேயே உதவுகிறதா? நிறுத்திவிடவா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, நிறுத்த வேண்டாம். ஆனால் உதவி உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்டீர்களே, அது நியாயமான கேள்வி. உதவாமல் போன உதவிகளை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் பத்துப் பேர் ஒரு லாரி நிறைய துணி சேர்த்துக்கொண்டு அங்கே போனோம். ஊருக்குள் நுழையும் முன்பே சாலை ஓரத்தில் துணி மலை மலையாகக் கிடந்தது. பனியில் நனைந்து, மண் அப்பி, மேலே லாரி டயர் ஏறிய தடத்தோடு. கம்பளி ஸ்வெட்டர், ஊக்கு போன ஜாக்கெட், கிழிந்த பள்ளிச் சீருடை. எல்லாம் நல்ல மனதோடு யாரோ அனுப்பியவை. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்களை, ஊரான் உடுத்திக் கழித்ததைக் கட்டிக்கொள்ளச் சொன்னது போல இருந்தது அது. அவர்கள் தொடவில்லை. கடைசியில் அதை அள்ளி அப்புறப்படுத்துவதே நகராட்சி ஊழியர்களுக்குத் தனி வேலையாகிப் போனது.

மீன் விற்கும் ஒரு பாட்டியிடம் நான் ஒரு சேலையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "சேலை வேணாம்மா. அன்னக்கூடை ஒண்ணு இருந்தா கொடு. நாளைக்கு ஆம்பளைங்க கடலுக்குப் போனா, நான் மீனை எதுல தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். எங்கள் லாரியில் அன்னக்கூடை ஒன்றுகூட இல்லை. கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, என்ன வேண்டும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

படகு விஷயத்திலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். மீனவர் என்றால் படகு கொடுக்க வேண்டும் என்று பல அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. கரையில் எல்லோரும் படகுக்காரர்கள் இல்லை. பலர் இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் படகு வந்ததும், ஏறிப் போக ஆள் கிடைக்காமல் சில ஊர்களில் படகுகள் மணலிலேயே கிடந்தன. இன்னொரு பக்கம், நிவாரணத்தை ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் ஆண்களின் கணக்குப்படி பிரித்தபோது, ஆண் துணையில்லாத பெண்களின் வீடுகள் பல இடங்களில் விடுபட்டன. மீன் கூடை சுமந்தவர்களும் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களும் இருளர்களும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஆனால் அதே மாவட்டத்தில் கடல் நீர் ஏறி உப்புப் பூத்துப்போன வயல்களில் ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மறுபடி நெல் விளைய வைத்ததும் உதவிதான். அது நடந்தது, மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று உட்கார்ந்து பார்த்ததால்.

சரி, உங்கள் ஃபிரிட்ஜுக்கு வருவோம். ஏழைகள் கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள், வீணாக்குவார்கள் என்பது உலகம் முழுக்க இருக்கிற பயம். கென்யாவின் மேற்குப் பகுதியில் கூரை வீட்டு ஏழைக் குடும்பங்களுக்குச் செல்போன் வழியாகப் பணம் அனுப்பினார்கள். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. 2016-ல் வெளியான ஆய்வில், அவர்கள் சாராயத்துக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவழித்ததாகத் தெரியவில்லை. பலர் செய்த காரியம், ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது பகட்டாகத் தெரியலாம். ஆனால் ஓலைக் கூரைக்கு அடிக்கடி செலவு வைக்க வேண்டும். தகரம் போட்டால் அந்தக் காசு வீட்டிலேயே நிற்கும். அந்தக் கணக்கு அந்த வீட்டில் படுத்து, மழையில் நனைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். மாவு விற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஃபிரிட்ஜ் வாங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் சாயங்காலம் விற்காத மாவு காலைக்குள் புளித்துப் பொங்கி வழியும் என்பது நமக்குத் தெரியாததா? அதற்காகத்தான் வாங்கினாள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பிள்ளைகள் ஐஸ் வாட்டர் கேட்டதற்காக வாங்கியிருந்தாலும் அது பெரிய குற்றம் என்று எனக்குப் படவில்லை. ஏன் வாங்கினாள் என்று நீங்களோ உங்கள் கணவரோ அவளிடம் கேட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

சோம்பேறி என்ற பேச்சை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. காலையில் தையல், மாலையில் மாவு, இடையில் இரண்டு பிள்ளைகள். இதில் சோம்பலுக்கு நேரம் எங்கே இருக்கிறது? 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் இது வீண் செலவு என்று பேசினார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்ட நீங்கள் இன்று இன்னொரு வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள். பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைவாக இருந்ததை, 2021-ல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு ஒன்று காட்டியது. இதை உங்கள் கணவரிடம் சண்டையாக இல்லாமல் சொல்லுங்கள்.

அவர் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நான்கு வருடமாக ஒரே தொகை போகிறது. அடுத்தது என்ன என்று இருவரும் பேசியதே இல்லை போலிருக்கிறது. மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் பரம ஏழைப் பெண்களுக்கு ஆடு, மாடு கொடுத்து, கொஞ்ச காலம் கைச்செலவுக்குக் காசும் கொடுத்து, ஒன்றரை வருடம் வாராவாரம் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். பத்து வருடம் கழித்தும் அந்த வீடுகளின் வருமானமும் சாப்பாடும் மற்ற வீடுகளைவிட மேலாக இருந்தன. அந்த வாராந்திர வருகைக்குப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். நீங்கள் அனுப்பும் பணம் தவறாமல் போகிறது, ஆனால் நீங்கள் எப்போதாவதுதான் போகிறீர்கள்.

அடுத்த முறை போகும்போது அவள் வீட்டில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். மாதாமாதம் 3,000 வருவது நல்லதா, இல்லை ஒரு பெரிய கிரைண்டர் வாங்க மொத்தமாக வந்தால் நல்லதா, அல்லது மூத்த பிள்ளையின் படிப்புக்கென்று தனியாக எடுத்து வைப்பதா என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் கேட்பது உங்களால் முடியாததாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். தோழிதானே, புரிந்துகொள்வாள். எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மாதம் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். திடீரென்று நின்றுபோகும் உதவி, தவணை கட்டுகிற வீட்டை உலுக்கிவிடும். ரசீது மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்த முருங்கைக்கீரை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த வரிதான். நான்கு வருடமாக அவள் நீட்டுகிறாள், நீங்கள் தள்ளுகிறீர்கள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நீங்கள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டு போய் ஆய்ந்து பொரியல் வையுங்கள். உங்கள் கணவருக்கும் பரிமாறுங்கள். மறுநாள் அவளுக்கு போன் போட்டு, கீரை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.