வால் இறுகுவதும் ஆடுவதும் ஏன்?

தச்சுப் பட்டறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, சிறிய மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணச் சீருக்கான நகைப்பெட்டிகளை, கணினிக் கோப்பின்படி மரத்தை வெட்டும் சி.என்.சி. ரவுட்டரில் செய்யத் தொடங்கியுள்ளேன். நான்கு மூலைகளிலும் டவ்டெயில் எனப்படும் புறாவால் இணைப்பு வைக்கிறேன். வெளிமுகத்தில் இணைப்பு தெரியாத வகை. ஒரே கோப்பு, ஒரே பிட் (சுழன்று வெட்டும் முனை). ஆனாலும் ஒரு பெட்டி தட்டினாலும் ஏறாமல் இறுகுகிறது; அடுத்த பெட்டி ஆடுகிறது. இயந்திரத்தில் கோளாறா?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: இயந்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பலகைகளின் கனத்தையும், பிட் இறங்கும் ஆழத்தையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

டவ்டெயில் பிட் அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பதால், அது எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைப் பொறுத்தே பலகையின் விளிம்பில் வெட்டின் வாய் அகலம் அமைகிறது. 14 பாகைச் சரிவுள்ள பிட் 0.2 மி.மீ. கூடுதலாக இறங்கினால், வெட்டின் வாய் ஏறக்குறைய 0.1 மி.மீ. குறுகும், இரு வெட்டுகளுக்கு இடையில் நிற்கும் வால் அதே அளவு அகலமாகும். அடுத்த பலகையில் அந்த வால் நுழையும் குழியின் அடியகலமோ பிட்டின் முனையகலமாகவே இருக்கும், அது மாறாது. ஆகவே ஆழம் கூடினால் இணைப்பு இறுகும், குறைந்தால் ஆடும். கையால் அழுத்தினால் ஏறும் இணைப்புக்கும் கொட்டாப்புளியால் அடித்தாலும் ஏறாத இணைப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி அந்த 0.1 மி.மீ. தான்.

மேசையின் மட்டத்தைச் சுழியாக (ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடமாக) வைத்து வெட்டுகிறீர்கள் என்றால், ஒரு பலகை 12 மி.மீ., அடுத்தது 11.8 மி.மீ. என்று இருக்கும்போது ஆழமும் அதற்கேற்ப மாறிவிடும். எனவே குழி வெட்டப் படுக்கவைக்கும் பலகைக்கு அதன் மேல்முகத்திலும், வால் வெட்ட நிற்கவைக்கும் பலகைக்கு அதன் மேல்முனையிலும் ஒவ்வொரு முறையும் சுழியை எடுங்கள். ஒரு பெட்டிக்கான பலகைகள் எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் இழைத்துக் கனத்தைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். பிட்டின் மீது அச்சிட்டிருக்கும் அளவையும் நம்ப வேண்டாம். சாணை பிடித்த பிட் சற்றே சிறுத்திருக்கும். அதே மரத்தின் துண்டொன்றில் ஒரு சோதனை இணைப்பு வெட்டிப் பார்த்து, அதன்படி பாதையைத் திருத்துவதே நம்பகமான வழி.

நிற்கும் பலகையைப் பிடிக்கும் முறை அதைவிட முக்கியம். மேசையின் முன்விளிம்பை ஒட்டி, பலகை கீழே தொங்கும்படி ஒரு நேர்ச்சட்டம் அமைத்து, அது இரு திசையிலும் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிட் வெளியேறும் பக்கத்தில் உபயோகமில்லாத ஒரு கட்டையை இறுக்கி வைத்தால் விளிம்பு சிதறாது.

என் பட்டறையில் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டவ்டெயில் பிட்டை மற்ற பிட்டுகளைப்போலச் சிறிது சிறிதாக இறக்கி வெட்ட முடியாது. முழு ஆழத்தில் வைத்து, பக்கவாட்டில் நுழைந்து, பக்கவாட்டிலேயே வெளியேற வேண்டும். நான் எழுதிய முதல் கோப்பில், வெட்டு முடிந்த இடத்திலேயே பிட் நேராக மேலே எழும்பும்படி விட்டிருந்தேன். பிட்டின் அகன்ற அடிப்பகுதி, நன்றாக இழைத்து வைத்திருந்த தேக்குப் பலகையின் முளையை (இரு குழிகளுக்கு இடையில் நிற்கும் பகுதியை) பெயர்த்துக்கொண்டு மேலே வந்தது. அன்றிலிருந்து, பிட் மரத்தை விட்டு முழுவதும் வெளியே வந்த பிறகே எழும்புகிறதா என்று திரையில் பார்க்காமல் தொடங்குவதில்லை. முதலில் நேர் பிட்டால் நடுவில் உள்ள மரத்தை எடுத்துவிட்டால், டவ்டெயில் பிட்டின் சுமையும் குறையும்.

கேள்வி: இரு பக்கமும் தெரியும் புறாவால் இணைப்பை மூன்று அச்சு இயந்திரத்தில் (பிட் சாயாமல் நீளம், அகலம், உயரம் என நகரும் வகையில்) வெட்ட முடியுமா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: முடியும். இரு பலகைகளையும் நிற்கவைத்தே வெட்ட வேண்டும். வால்களை டவ்டெயில் பிட்டாலும், முளைகளை நேர் பிட்டைச் சாய்வான பாதையில் ஓட்டியும் வெட்டலாம். பலகையைச் சாய்க்கத் தேவையில்லை. ஆனால் கைரம்பத்தால் அறுக்கும் ஆசாரி ஊசிபோல மெல்லிய முளைகளை விடுவார். அந்த அழகு இயந்திரத்துக்கு வராது. பிட்டின் கழுத்து நுழையும் அகலமாவது வால்களுக்கு இடையில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: சித்திரையில் செய்த தேக்குப் பெட்டியின் மூடி, ஐப்பசி மழையில் உப்பிச் சட்டத்தைப் பிளந்துவிட்டது. இணைப்பு சரியில்லையா?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: இணைப்பின் மீது குற்றமில்லை. மதுரையின் கோடையில் காய்ந்து சுருங்கிய பலகை, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து ரேகைக்குக் குறுக்காக விரியும். நீளவாக்கில் விரிவது மிகக் குறைவு. பெட்டியின் நான்கு பக்கங்களிலும் ரேகை சுற்றிவரும்படி, இயன்றால் ஒரே பலகையிலிருந்து, வெட்டியிருந்தால் அவை உயரத்தில் ஒன்றுபோல விரியும். இணைப்புக்குக் கேடு வராது. மூடியின் நடுப்பலகைக்கு மட்டும் இடம் வேண்டும். அதைச் சட்டத்தின் காடியில் (உட்பக்க நீளப் பள்ளத்தில்) பசையின்றிச் செருகுங்கள். 20 செ.மீ. அகலப் பலகையைக் கோடையில் பொருத்தும்போது குறுக்கே மொத்தம் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதில் கோலம் செதுக்குவதாக இருந்தால் செருகுவதற்கு முன்பே செதுக்கி, விளிம்புகளுக்கும் எண்ணெய் பூசிவிடுங்கள். பின்னர் பலகை சுருங்கும்போது பூசாத மரம் வெளிறிய கோடாகத் தெரியாது.