எந்த ஸ்கேன் என்று எழுதுங்கள்: கதிர்வீச்சு கேள்வி-பதில்

கே: ஸ்கேன் எடுத்த அன்றே கைக்குழந்தையைத் தூக்கலாமா?

ப: எந்த ஸ்கேன்? எத்தனை தடவை கேட்டாலும் 'ஸ்கேன்' என்று மொட்டையாகத்தான் எழுதுகிறீர்கள். எக்ஸ்ரே, சிடி என்றால் படம் முடிந்ததும் கதிரும் முடிந்தது, தாராளமாகத் தூக்கலாம். அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ இரண்டிலும் அந்தக் கதிரே கிடையாது. கதிர் வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன், போன் (எலும்பு) ஸ்கேன் வேறு ரகம். பெட் மருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், போன் ஸ்கேன் மருந்து 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. அன்று முழுக்க மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கே: கர்ப்பம் என்று தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கலைக்கச் சொல்கிறார்கள்.

ப: வேண்டவே வேண்டாம். கருவுக்குப் போனது 0.01 மில்லிகிரேகூட (உடல் உறிஞ்சும் கதிரின் அளவு) இருக்காது. கவலைப்படும் அளவு 100 மில்லிகிரே.

கே: பல் எக்ஸ்ரேக்கு ஈய ஏப்ரன் தரவில்லையே?

ப: சின்னப் பல் படம் 0.005 மில்லிசீவர்ட் (கதிரால் உடலுக்கு வரக்கூடிய பாதிப்பைக் கணக்கிடும் அளவு). மண்ணும் வானமும் ஒரு நாளில் கொடுப்பதே அவ்வளவு இருக்கும். விடுங்கள்.

கே: வயிற்றுவலிக்கு சிடி எடுத்தோம். அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஆபத்து எவ்வளவு என்று யாருமே சொல்லவில்லை.

ப: சொல்ல மாட்டார்கள். படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்குவார்கள். கதிரைப் பற்றி ஒரு வரி இருக்காது. வயிறு-இடுப்பு சிடி ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையில் 4 வருடம் சேர்வது. இதனால் பிற்காலத்தில் கூடுதலாகப் புற்றுநோய் வருவது சுமார் 1000 பேரில் ஒருவருக்கு. அதுவும் அதிக அளவு கதிர் பட்டவர்களிடம் கண்டதை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. எப்படியும் இந்தியரில் 9 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வருவதுதான். குடல்வால் வெடித்துவிட்டதா என்று பார்க்க இந்த விலை தகும். அதே வயிற்றை அதே வாரம் காரணமில்லாமல் திரும்பப் பார்க்கத் தகாது.

நீங்களும் பிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். எடுத்தது 500 படம், பிலிமில் இருப்பது பொறுக்கிப் போட்ட சில. முழுப் படமும் உள்ள குறுவட்டை (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். கடைசியில் 'டோஸ் ரிப்போர்ட்' என்று ஒரு பக்கம் இருக்கும். பெரியவர்களுக்கு வயிற்று சிடி என்றால் அதில் டிஎல்பி என்ற எண்ணை (ஸ்கேன் முழுவதிலும் இயந்திரம் கொடுத்த கதிரின் கணக்கு) 0.015 ஆல் பெருக்குங்கள்: 600 என்றால் 9 மில்லிசீவர்ட். 2000 என்று இருந்தால் பிளெயின், ஆர்டீரியல், வீனஸ், டிலேட் என்று, மருந்து ஏற்றும் முன் ஒன்றும் ஏற்றிய பின் வெவ்வேறு நேரத்தில் மூன்றுமாக, நாலு சுற்று ஓட்டியிருப்பார்கள். நாலும் எதற்கு என்று எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

கே: வருஷத்துக்கு எத்தனை சிடி எடுக்கலாம்?

ப: நோயாளிக்கு வரம்பு கிடையாது. நீங்கள் எங்கோ படித்த 20 மில்லிசீவர்ட் எக்ஸ்ரே அறை ஊழியருக்கானது. தேவையென்றால் பத்தும் எடுக்கலாம், தேவையில்லையென்றால் ஒன்றும் அதிகம்.

கே: 4 வயதுப் பையனுக்குத் தலை சிடி எழுதியிருக்கிறார்கள்.

ப: அடிபட்டு வாந்தி, மயக்கம் என்றால் தாமதிக்காதீர்கள். மேஜையில் படுக்க வைக்கும் முன் 'குழந்தைக்கான செட்டிங் போட்டாயிற்றா?' என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள்.