கேளுங்க, சொல்றேன்! – இந்த மாசம் முழுக்க கிகோமா

போன இதழ்ல ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, நாங்க குடும்பமா டான்சானியாவுக்கு மிஷன் ட்ரிப் போய்ட்டு வந்தோம்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், வந்த கடுதாசி வாட்ஸ்அப் எல்லாமே அதைப் பத்திதான். சரி, இந்த மாசம் அதுவே இருக்கட்டும். புதுசா படிக்கறவங்களுக்கு: நாங்க இருக்கறது மலேசியாவுல பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்சுந்தைன்னாதான் புரியும். வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) மில்லுல ஃபிட்டர். மகன் படிவம் நாலு, மக தமிழ்ப்பள்ளியில அஞ்சாம் ஆண்டு. போனது கிகோமா வட்டாரம், டான்சானியாவோட மேற்கு ஓரம், தங்கனிகா ஏரிக்கரைப் பக்கம், ஏரிக்கு அந்தாண்ட காங்கோ. அங்க ஒரு கிராமத்து சபையோட எங்க சபைக்கு ரொம்ப நாளா பழக்கம்.

ஊழியம் ஊழியம்னு சொல்றீங்களே, உண்மையிலேயே அங்க போய் என்னதான் செஞ்சீங்க? பிரசங்கமா, இல்ல போட்டோ புடிக்கறதா?
– வாசகர், கோலா சிலாங்கூர்

குத்தல் தெரியுது, பரவாயில்லங்க. பிரசங்கம் பண்ண அங்க நம்ம ஆளு தேவையே இல்ல. பக்கத்துல இருக்கற உஜிஜியிலதான் 1871ல ஸ்டான்லிங்கற பத்திரிகைக்காரர் வந்து, தகவலே இல்லாம இருந்த மிஷனரி லிவிங்ஸ்டனைக் கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம் சில வருஷத்துலயே மிஷனரிங்க அங்க வந்தாச்சு, இன்னிக்கு அவங்க ஆராதனை காலையில ஆரம்பிச்சா மத்தியானம் தாண்டுது, பாட்டுக்குழு மாத்தி மாத்தி எழுந்து ஆடிப் பாடுது, நம்ம சபையில பாதிப்பேர் மணி பார்த்துக்கிட்டு இருப்போம்ல, அங்க அது கிடையாது. உஜிஜியில முஸ்லிம் ஜனங்க நிறைய, சந்தையில நின்னு பிரசங்கம் வேணாம்னு அங்க பாஸ்டரே மொதல்லயே சொல்லிட்டாரு.

செஞ்சது பம்பு வேலை. ஸ்கூல் பக்கத்துல ஒரு கைப்பம்பு மாசக்கணக்கா தண்ணி தரல, பொம்பளைங்களும் பிள்ளைங்களும் மஞ்சள் ஜெரிகேனைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போறாங்க. வீட்டுக்காரர் கிட்ட போய் பார்த்தா அது இந்தியா மார்க் 2. மகாராஷ்டிராவுல மிஷன் ஆளுங்க போட்டிருந்த பம்பை அடிப்படையா வச்சு 1970கள்ல யுனிசெஃப் உதவியோட உருவாக்கி, கோயம்புத்தூர் பக்கம் போட்டு சோதிச்சுப் பார்த்து, சென்னையில தயாரிச்ச பம்பு இது, இன்னிக்கு ஆப்பிரிக்கா கிராமம் பூராவும் இருக்கு. மேல கைப்பிடி, செயின் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கோளாறு கீழ சிலிண்டர்ல. அதை எடுக்கணும்னா மூணு மூணு மீட்டர் ஜிஐ பைப்பை ஒண்ணொண்ணா மேல இழுத்து, கிளாம்பு போட்டு நிறுத்தி, ஸ்பானரால கழட்டி, மறுபடி இழுக்கணும், உள்ள தண்ணியோட சேர்த்து அது என்ன கனம்ங்கறீங்க, ஊர் ஆம்பளைங்க ஏலேலோ போடாத குறை. கடைசியா பிஸ்டன் வெளிய வந்துச்சு, பார்த்தா ரப்பர் கப் வாஷர் ஓரம் தேஞ்சு ஒரு பக்கம் நாக்கு மாதிரி கிழிஞ்சு தொங்குது. உள்ளங்கையில அடங்கற சாமான், அதுக்காக ஒரு ஊரே ஓடைத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு!

வாஷர் கிகோமா டவுன்லயே கெடைச்சுது. ஆனா வீட்டுக்காரர் தானே மாட்டல. ரெண்டு வாலிபப் பசங்களைப் பிடிச்சு, கழட்டி மாட்டு, திரும்ப கழட்டி மாட்டுன்னு மில்லுல அப்ரெண்டிஸை வாட்டற மாதிரி வாட்டி எடுத்துட்டாரு, பாவம் ஒருத்தன் கை கொப்புளிச்சுப் போச்சு. இப்ப ஊர்ல ஒரு தண்ணி கமிட்டி, வீட்டுக்கு வீடு சின்னதா காசு சேர்த்து வாஷர் வாங்கி வைக்கறாங்க. நானும் மகளும் சண்டே ஸ்கூல் பக்கம் இருந்தோம், அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பாட்டும் படம் வரையறதும்தான்.

நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க எஸ்பிஎம் பரீட்சை கூட முடிக்காம நிக்குதுங்க, சிலதுக்கு ஐசியே (அடையாள கார்டு) இல்ல. அதை எல்லாம் விட்டுட்டு ஆப்பிரிக்கா போறது எதுக்கு? யார் காசு அது?
– வாசகர், சுங்கை சிப்புட்

காசு எங்க காசு. டிக்கெட்டுக்கு வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்து சேர்த்தாரு, சபைக் காணிக்கையில இருந்து போனது பம்பு சாமானுக்கு மட்டும், கணக்கு ஆராதனைக்கப்புறம் வாசிச்சாச்சு.

மத்தபடி உங்க கோவம் நியாயம்தான். எங்க சபையில சனிக்கிழமை டியூஷன் எடுக்கற அதே நாலு பேர்தான் ஆப்பிரிக்காவுக்கும் மனசு வைக்கறாங்க, இங்க ஒண்ணும் செய்யாதவன் அங்கயும் ஒண்ணும் செய்யறதில்ல, நான் பார்த்த வரைக்கும். எனக்கும் சில மிஷன் ட்ரிப் பிடிக்காது. ஒரே கலர் டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு கூட்டமா போய் ஒரு சுவத்துக்கு பெயின்ட் அடிச்சுட்டு வர்றாங்களே, அந்த ஊர்ல பெயின்டரே இல்லையா? அவன் கூலிக்கு வந்து அடிச்சிருப்பான், அவன் வீட்லயும் அடுப்பு எரிஞ்சிருக்கும். கைத்தொழில் தெரிஞ்சவங்க, நர்ஸு, எலக்ட்ரிஷியன், இவங்க போனா அர்த்தம் இருக்கு. இல்லன்னா இங்கயே ஃபிளாட்ஸ்ல நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்க, ஜேபிஎன் பதிவு ஆபீஸ்ல வரிசையில கூட நின்னு அந்தப் பிள்ளைக்கு ஐசி பாரம் எழுதிக் குடுங்க, அதுவும் ஊழியம்தான்.

சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக பயமா இல்லையா அக்கா? மலேரியா, சாப்பாடு?
– வாசகி, கிள்ளான்

பயம் இருந்துச்சும்மா, இருக்கணும். நம்ம நாட்டுல 2018லேர்ந்து மனுஷனுக்கு மனுஷன் பரவற உள்ளூர் மலேரியா கிடையாது, குரங்குல இருந்து வர்றது மட்டும்தான், அதனால நமக்கு அந்தப் பயமே விட்டுப் போச்சு. அங்க இருக்கறது ஃபால்சிபாரம், ஆளைக் கொல்ற வகை. போறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்து தடுப்பு மாத்திரை வாங்கிக்கணும், டாக்சிசைக்ளின் எட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு வழக்கமா குடுக்க மாட்டாங்க, வேற மாத்திரை இருக்கு. அதை விட முக்கியம், திரும்பி வந்த பிறகும் நிறுத்திடக்கூடாது, மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரமோ நாலு வாரமோ முழுங்கணும், இங்கதான் நம்மாளுங்க கோட்டை விடறது. ராத்திரி மருந்து போட்ட கொசுவலைக்குள்ளதான் படுக்கணும். வந்து மாசக்கணக்கு ஆன பிறகு காய்ச்சல் கண்டாலும் கிளினிக்குல மொத வார்த்தையா ஆப்பிரிக்கா போயிருந்தேன்னு சொல்லணும், நீங்க சொல்லலன்னா அவங்க டெங்கின்னு நெனச்சு அதையே தேடிக்கிட்டு இருப்பாங்க.

ஃபிளைட் அடிஸ் அபாபா இல்ல நைரோபி வழியா போகும், ரெண்டுமே மஞ்சள் காய்ச்சல் நாட்டுல இருக்கு, டிரான்சிட் நீண்டுட்டா சர்டிபிகேட் கேப்பாங்க, திரும்பி வர்றப்ப நம்ம கேஎல்ஐஏ ஏர்போர்ட்லயும் கேக்கலாம். ஊசியை பத்து நாளுக்கு முன்னாடியே போட்டுடுங்க, 2016லேர்ந்து ஒரு ஊசி ஆயுசுக்கும் செல்லும். அப்புறம் ஏரி. கண்ணாடி மாதிரி தண்ணி, மகன் குதிக்கத் துடிச்சான், விடல. கரையோர நத்தையில இருந்து ஒரு புழு தண்ணிக்கு வந்து தோல் வழியா உள்ள போயிடும், பில்ஹார்சியா. ரெண்டு நாள் என்கிட்ட பேசல அவன்.

சாப்பாடு கஷ்டமே இல்ல. மக்காச்சோள மாவுக் களி, உகாலின்னு சொல்றாங்க, கூட பீன்ஸ், பாயாம் மாதிரி கீரை, ராத்திரி விளக்கு வச்சு ஏரியில பிடிக்கற டாகான்னு ஒரு பொடி மீன் காய வச்சு வறுத்தது, நம்ம நெத்திலியேதான். கையாலதான் சாப்பிடறாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி அந்த வீட்டுப் பிள்ளை ஒரு ஜாடியும் பேசினும் கொண்டாந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் குனிஞ்சு கையில தண்ணி ஊத்துது, மக அதைப் பார்த்துட்டு மறுநாள் அவளே ஜாடியை வாங்கிக்கிட்டா.

செம்பனை ஆப்பிரிக்கா மரம்னு எங்க தோட்டத்து தாத்தா சொல்வாரு. அங்க பார்த்தீங்களா?
– ஓய்வு பெற்ற குலை வெட்டு தொழிலாளி, பீடோர்

ஐயா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். தாத்தா சொன்னது சரி. அதோட பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ல ஜாவாவுல போகோர் தோட்டத்துக்கு நாலு கன்னு வந்துச்சு, 1917ல நம்ம நாட்டோட மொத வியாபார செம்பனைத் தோட்டம் போட்டாங்க, அது எங்க ஊர்ப் பக்கத்துல இருக்கற தென்னமரம் தோட்டமேதான், போட்டது ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். கிகோமாவுலயும் செம்பனை இருக்கு, ஆனா வரிசை கெடையாது, வாழைக்கும் மரவள்ளிக்கும் நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணு, எல்லாம் நெட்டை மரம். நீள கம்புல அருவா கட்டி வெட்டறது இல்ல, இடுப்புல கயிறு கட்டி ஏறறாங்க.

பழத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பல்லுல கடிச்சுப் பார்த்து, இது தூரா ரகம், ஓடு தடிமன், சதை கம்மின்னாரு. நம்ம ஊர்ல நடறது தெனேரா, தூராவையும் பிசிஃபெராவையும் சேர்த்த ரகம், எண்ணெய் கூட வரும். அங்க பொம்பளைங்கதான் எண்ணெய் எடுக்கறாங்க, டிரம்முல பழத்தை அவிச்சு, இடிச்சு, ரெண்டு பேர் சுத்தற திருகு பிரெஸ்ல பிழிஞ்சு, மறுபடி காய்ச்சி எண்ணெயை மேலோட வடிக்கறாங்க, ரத்தச் சிவப்பா இருக்கு, நம்ம கடை எண்ணெய் மாதிரி வெளுத்ததில்ல, கீரையில ஊத்தினா தனி வாசம். ஸ்டெரிலைசர், டைஜெஸ்டர், பிரெஸ், கிளாரிஃபயர்னு மில்லுல இவர் பார்க்கற மொத்த வரிசையும் ஒரு வீட்டுக் கொல்லையில நடக்குது, இவர் அங்கேர்ந்து நகரவே மாட்டேன்னுட்டாரு. எங்க தாத்தா, அப்பா, இவர்னு மூணு தலைமுறை செம்பனையில, ஒரு போத்தல் எண்ணெய் எங்களுதுன்னு இருந்ததில்ல. அந்தம்மா வடிச்ச எண்ணெய் அந்தம்மாவுதுதான், சந்தையில அவங்க சொன்னதுதான் வெலை.

இன்னொண்ணு, உங்க வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்துல நம்ம பொம்பளைங்க ஆண் பூ மாவை எடுத்து பெண் பூ மேல தூவற வேலை பார்த்தாங்கல்ல? 1981ல கேமரூன்லேர்ந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டாந்து விட்டாங்க, அதுலேர்ந்து அந்த வேலை போச்சு. எங்க அத்தை இன்னைக்கும் அந்த வண்டைத் திட்டுவாங்க.

கறுப்பர்கள் நம்மளை எப்படி நடத்தினாங்க? நம்மளும் கறுப்புதானே, ஒட்டிக்கிட்டாங்களா?
– வாசகி, ரவாங்

ஒட்டிக்கல, மொதல்ல. எங்களைப் பார்த்ததும் முஹிண்டி, அதாவது இந்தியாக்காரங்க, டவுன்ல கடை வச்சிருக்கற முதலாளிக் கூட்டம்னு நெனச்சுட்டாங்க. அங்க இந்தியர்னா பெரும்பாலும் குஜராத்தி வியாபாரிங்க, பெரிய கடை, லாரி, கோடவுன். எங்களுக்கு மட்டும் நாற்காலி, சபை மூப்பருங்க பாயில. எனக்கு அந்த நாற்காலியில முள்ளா குத்துச்சு. எங்க தாத்தா கங்காணிக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்தவரே இல்ல. மூணாம் நாள் அதை பாஸ்டரம்மாகிட்ட சொன்னேன், எங்க ஆளுங்க கித்தா (ரப்பர்) மரம் சீவ கப்பல்ல வந்த கூலிங்கன்னு, அவங்க நம்பவே இல்ல, சிரிச்சாங்க, இந்தியர்ல கூலியான்னு. மகன் போன்ல பழைய லயத்துப் படத்தைக் காட்டின பிறகுதான் நம்பினாங்க. கடைசி வாரம் பாயில எனக்கும் இடம் விட்டாங்க, ஆனா நாற்காலியை மட்டும் தூக்கல, யாராச்சும் பெரியவங்க வந்தா வேணும்னு.

வீட்ல நல்ல பழைய துணி மூட்டையா இருக்கு, அனுப்பலாமா?
– வாசகி, தெலுக் இந்தான்

வேணாம்மா. மிடும்பான்னு அங்க சந்தை பூராவும் மேல்நாட்டுப் பழைய துணி மலையா கெடக்கு, அதுலயே உள்ளூர் தையக்காரங்க பொழப்பு ஆடிப்போச்சு, கப்பல் கூலிக்கு அங்கயே புது யூனிஃபார்ம் தைக்கலாம். பணமா குடுக்கறதா இருந்தா உங்க சபை மூலமா குடுங்க, எந்த ஊர், எந்த வேலைன்னு எழுதி வாங்குங்க, ரசீது கேளுங்க. துணியை உங்க பக்கத்து வெள்ள நிவாரண ஆளுங்ககிட்ட குடுத்துடுங்க, துவைச்சு, பட்டன் தச்சு.