சொந்தமாக வேலை செய்பவர் வார அட்டவணை எப்படிப் போடுவது?

பெங்களூரில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை, வாரம் கையில் நிற்பதில்லை என்கிறீர்கள். மணிக்கு மணி கட்டம் போடாதீர்கள், செவ்வாயன்றே கலைந்துவிடும். வாரம் 40 மணி நேரம் உட்கார முடியும் என்றால், காசு வரும் வேலைக்கு 25 மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மீதியைக் கொட்டேஷன், திருத்தம், ஃபாலோ-அப் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொள்ளும். பலர் 40-ஐயும் விற்றுவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு உட்காருகிறார்கள்.

காலை 9 முதல் 12.30 வரை டிசைன் மட்டும், போன் அடுத்த அறையில். கிளையன்ட் அழைப்புகள் மாலை 4-க்கு மேல். நேரில் பார்க்க வேண்டியவர்களை எல்லாம் புதன்கிழமையில் அடுக்குங்கள். ஜெயநகரிலிருந்து வைட்ஃபீல்டு போய்வந்தால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும் (அதற்குப் பிறகு டிசைன் ஓடுமா என்ன!).

வெள்ளி 3 மணிக்கு பில் அனுப்புவது, நிலுவையைக் கேட்பது. ஜிஎஸ்டி பதிவு செய்து மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11, வரி கணக்கைக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20 கடைசித் தேதி. அதற்கு முந்தைய வெள்ளியிலேயே முடித்துவிடுங்கள். தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும்.

சனிக்கிழமை காலையைக் காலியாக விடுங்கள். மின்வெட்டில் நின்றுபோன வேலை அங்கேதான் போகும்.