மருந்துக் கடைக்குப் போகும் முன் செத்த கோழியை மருத்துவரிடம் காட்டுங்கள்

கேள்வி: ஐயா, மாதவரத்தில் வீட்டுக்குப் பின்னால் 45 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் சந்தையில் 6 விடைக்கோழி வாங்கி அவற்றோடு விட்டேன். இப்போது பச்சையும் வெள்ளையுமாகக் கழிகின்றன, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன, இரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. 5 நாளில் 14 செத்துவிட்டன. கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. போன மாதம்தான் குடிதண்ணீரில் தடுப்பு மருந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள் என்கிறார்கள். வேறு நல்ல மருந்து எது? நன்றாக இருப்பவற்றை விற்றுவிடலாமா?

பதில்: அம்மா, விற்காதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். இன்று துறுதுறுவென்று இருப்பது நாளைக்கு வாங்கியவர் வீட்டில் கழியும். உங்கள் வீட்டுக்கும் சீக்கு அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் அவசரமாக விற்ற கோழிதான் அந்த ஆறும். நோய் கண்ட கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவது 2009ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படியும் தப்பு.

நீங்கள் சொல்லும் குறிகள் ராணிக்கெட்டுக்கு, அதாவது வெள்ளைக்கழிச்சலுக்கு, நன்றாகப் பொருந்துகின்றன. அது வைரஸ் நோய், அதைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் கடிதத்தை வைத்து ராணிக்கெட்தான் என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். பறவைக்காய்ச்சலிலும் கழியும், மூச்சு வாங்கும், கழுத்தும் திரும்பும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, பரிசோதனைதான் வழி. நீங்கள் எது நல்ல மருந்து என்று கேட்கிறீர்கள். 14 கோழி செத்தும் ஒன்றைக்கூட ஏன் யாரிடமும் காட்டவில்லை என்பதுதான் என் கேள்வி.

இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காது. முதல் கோழி செத்ததுமே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் உங்கள் மாதவரத்திலேயே பால்பண்ணைப் பக்கம் இருக்கிறது, வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோழியைக் கண்ணால்கூடப் பார்க்காத கடைக்காரர் தந்த பாட்டிலை நம்பியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்தது எந்த பாட்டிலில் எவ்வளவு லாபம் என்பதுதான். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கூடவே வரும் பாக்டீரியா தொற்றுக்கு வேண்டுமானால் உதவலாம், அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பழைய பாட்டிலை யாராவது நீட்டினால் தொடாதீர்கள், கோழி உள்பட உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அது 2019 ஜூலையிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதைக் கொடுத்துவிட்டு நோய் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள்.

'கொன்றுவிடுவார்கள்' என்ற பயத்துக்கு வருகிறேன். ராணிக்கெட் என்று தெரிந்தால் யாரும் உங்கள் கோழிகளை அழிக்க வர மாட்டார்கள். பறவைக்காய்ச்சல் என்று உறுதியானால்தான், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பார்கள். கடைசியாக அதை உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம், உள்ளூரில் யாரும் பார்வையை வைத்து முடிவு கட்டுவதில்லை. அழிக்கும் கோழிக்கு நஷ்டஈடு உண்டு. தானாகச் செத்ததற்குக் கிடையாது. அதனால் மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இப்போதே 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். கடைசியாகச் செத்த கோழியை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் உறைய வைக்காதீர்கள், வீட்டில் அறுத்தும் பார்க்காதீர்கள். அவர்கள் சொல்லாமல் அதை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உயிரோடு இருப்பவற்றின் தொண்டையிலும் ஆசனவாயிலும் அவர்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். மற்ற செத்த கோழிகளைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். மூக்கு, வாயை மூடிக்கொண்டு, கையுறையோடு செய்யுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தடுப்பு மருந்து ஏன் வேலை செய்யவில்லை? எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள் என்று எழுதவில்லை. சென்னையில் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குளோரின் போட்டது, லசோட்டா போன்ற, உயிருள்ள வைரஸ் கொண்ட ராணிக்கெட் தடுப்பு மருந்து அதில் செத்துவிடும். குளோரின் இல்லாத தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் போட்டுக் கலந்து, 2 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வைக்க வேண்டும். கடையிலிருந்து வீடுவரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வந்திருக்கவும் வேண்டும். சென்னை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் வெறும் தண்ணீரைக் கொடுத்த மாதிரிதான். அதோடு, லசோட்டா மட்டும் போதாது. 8 வார வயதில் இறக்கையடியில் போடும் ராணிக்கெட் தடுப்பூசி முக்கியம், அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க வேண்டும். வருடா வருடம் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை இலவசமாகப் போடும் முகாம் நடத்துகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது நன்றாக இருப்பவற்றுக்கு நீங்களாகவே ஊசி போட்டுவிடாதீர்கள். உள்ளே நோய் ஊறிக்கொண்டிருக்கும் கோழிக்கு ஊசி போட்டால் அதுவும் சாயலாம், முடிவுகள் வந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இனிமேல் எங்கே வாங்கினாலும் 21 நாள் தனிக் கூண்டில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வைத்துப் பாருங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அந்தக் கூண்டுக்குப் போக வேண்டும், வேறு செருப்பு போட்டுக்கொண்டு.