பட்டறைப் பதில்கள்: ஒரு நிமிடம் பொறுத்து உருள வேண்டிய குண்டு

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில் தொடர்வினை இயந்திரப் போட்டி, அதாவது ஒரு கட்டத்தின் அசைவு அடுத்த கட்டத்தைத் தூண்டிவிடும் இயந்திரம். ஒரு கட்டத்தில் இயந்திரம் 60 விநாடி அசையாமல் இருந்துவிட்டு, அப்புறம் 200 கிராம் இரும்புக் குண்டு ஒன்றை உருட்டிவிட வேண்டும். 5 விநாடிக்கு மேல் முன்பின் போனால் மதிப்பெண் குறையும். மின்சாரம், பேட்டரி, தீ எதுவும் கூடாது. மணல் வைத்துப் பார்த்தோம், சிரிஞ்சில் விளக்கெண்ணெய் ஊற்றியும் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நேரம் மாறுகிறது. வழி சொல்லுங்கள் ஐயா.
– மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் சிரிஞ்சின் தண்டே கொண்டியைத் தள்ளி விடுவிக்கிறது. கோளாறு அங்கேதான் இருக்கிறது அம்மா. தண்டு 60 விநாடியில் 6 சென்டிமீட்டர் நகர்கிறது என்றால், விநாடிக்கு 1 மில்லிமீட்டர். கொண்டி ஒரு தடவை 5 மில்லிமீட்டர் முன்னால் விடுபட்டு, அடுத்த தடவை பின்னால் விடுபட்டால், 5 விநாடி போய்விட்டது. மெதுவாக ஊர்ந்து வரும் எதையும் நேரடியாகக் கொண்டியில் கொண்டுபோய் முட்டவிடாதீர்கள். நேரத்தை அளக்கும் உறுப்பு கடைசி நொடியில் சட்டென்று பெரிதாக நகர வேண்டும்.

விளக்கெண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. 20 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு 30 டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காலையில் ஆய்வகத்தில் சரிபார்த்த நேரம் மதியம் பந்தலுக்குள் செல்லாது. சிரிஞ்சின் ரப்பர் ஒட்டி ஒட்டி விடுபடுவது வேறு. மணல் ஈரம் பட்டால் கட்டிக்கொள்ளும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது மூழ்கும் கிண்ணம். அடியில் துளை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை அளப்பது நம் நாட்டின் பழைய முறை. 24 நிமிடம் கொண்ட நாழிகையை இப்படி அளந்தார்கள். ஈரானில் கனாத் எனும் நிலத்தடிக் கால்வாய்களின் நீரை விவசாயிகளுக்குள் பங்கு பிரிக்கவும் இதே மாதிரிக் கிண்ணம்தான். இதன் அருமை முடிவில் இருக்கிறது. ஒரு நிமிடம் முழுக்க நிதானமாக இறங்கி, விளிம்பில் தண்ணீர் ஏறியதும் ஒரே மூச்சில் அடிக்குப் போய்விடும்.

சுவர் செங்குத்தாக உள்ள எவர்சில்வர் கிண்ணம் ஒன்று தேடுங்கள். குறுக்களவு 10 சென்டிமீட்டர், உயரம் 5, எடை 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உயரமான டம்ளர் வேண்டாம், மிதக்கும்போதே சாய்ந்துவிடும். செங்குத்துச் சுவர் கேட்பதற்குக் காரணம் உண்டு. கிண்ணத்தின் எடையைத் தாங்குவது உள்ளே உள்ள நீர்மட்டத்துக்கும் வெளியே உள்ள நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். சுவர் நேராக இருந்தால் அந்த வித்தியாசம் கடைசி வரை மாறாது. நீர் நுழையும் வேகமும் மாறாது. நம் கிண்ணத்துக்கு அந்த மட்ட வித்தியாசம் சுமார் 1.5 சென்டிமீட்டர். நடுவில் 4 மில்லிமீட்டர் துளை, பாய்வுக் குணகம் (துளையில் நீர் குறுகிப் பாய்வதற்கான கழிவு) 0.6 என்று போட்டால், விநாடிக்கு ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் உள்ளே வரும். மூழ்குவதற்கு 270 மில்லிலிட்டர் வேண்டும். ஆக 66 விநாடி.

அந்தக் கூடுதல் 6 விநாடியை வேண்டுமென்றேதான் வைத்தேன். துளையைத் தொடாதீர்கள், பெரிதாக்கினால் திரும்பச் சிறிதாக்க முடியாது. துளையைச் சுற்றிச் சீராகச் சிறு நட்டுகளை வைத்து எடை கூட்டுங்கள். 20 கிராம் ஏற்றினால் கணக்குப்படி 57 விநாடிக்கு வந்துவிடும். 10, 15 கிராமுக்குள் உங்கள் 60 கிடைக்கும். கிடைத்ததும் நட்டுகளை எம்-சீல் வைத்து ஒட்டிவிடுங்கள்.

இனி விசை. மூழ்கிய எவர்சில்வர் கிண்ணம் தண்ணீருக்குள்ளும் 100 கிராம் அளவுக்கு இழுக்கும். குண்டை 10 டிகிரி சாய்வான தடத்தில் ஒரு பின்னுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பின்னில் சாய்வது 35 கிராம் மட்டும். அதை மேலே உருவ, உராய்வையும் பின்னின் எடையையும் சேர்த்தாலும் 20 கிராம் போதும். கிண்ணத்தின் உள்ளே அடியில் ஒரு கொக்கி ஒட்டி, தூண்டில் நரம்பைக் கட்டி, மேலே ஒரு கப்பி வழியாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். கிண்ணம் இறங்கும், பின் ஏறும். பருத்தி நூல் கட்டாதீர்கள், நனைந்தால் நீளம் மாறும்.

நரம்பில் தொய்வு முக்கியம். ஒரு நிமிடத்தில் கிண்ணம் மிதந்தபடியே மூன்றரை சென்டிமீட்டர் இறங்கும். 6 சென்டிமீட்டர் தொய்வு விட்டால், மூழ்கிய பிறகுதான் நரம்பு இறுகும். வாளியில் தண்ணீர் 20 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும்.

தொடக்கத்துக்கு, துளையில் உள்ளிருந்து ஒரு சிறு ரப்பர் அடைப்பான். முந்தைய கட்டம் அதை நூலால் பிடுங்கட்டும்.

அப்புறம், கவனிக்காமல் விட்டால் படுத்தி எடுக்கும் ஒன்று. பெரும்பாலான எவர்சில்வர் கிண்ணங்களின் அடி உட்குழிவாக இருக்கும். நேராக வைத்தால் அங்கே காற்று சிக்கிக்கொள்ளும். தண்ணீருக்குப் பதில் முதலில் காற்றுக் குமிழி நுழையும், எடைக் கணக்கும் கெட்டுவிடும். சாய்த்து நுழைத்து, குமிழி வெளியேறியதைப் பார்த்துவிட்டு நிமிர்த்துங்கள். விளிம்பில் விரல் பட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் தண்ணீர் மேலே ஏறத் தயங்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். துளையின் பிசிறையும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கிண்ணத்தைத் துடைத்து உலர்த்துங்கள்.

கேள்வி: 555 ஐசி (நேரம் அளக்கும் சில்லு) வைத்து ஒரு நிமிட டைமர் செய்தோம். அதே மதிப்புள்ள பாகங்களைப் போட்டும் ஒரு போர்டு 55 விநாடியிலும் இன்னொன்று 70 விநாடியிலும் அணைகிறது. ஏன்?
– டிப்ளமோ மாணவர், மதுரை

பதில்: எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்தான் காரணம் தம்பி. நேரம் 1.1 × R × C; R மின்தடை, C கண்டென்சரின் மதிப்பு. மேலே 100 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தாலும் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். கசிவு மின்னோட்டம் அதற்கு மேல். சிடி4060 எனும் துடிப்பு எண்ணும் ஐசி வாங்குங்கள். சிறிய பிலிம் கண்டென்சரால் வேகமாக அலைய விட்டு, அந்தத் துடிப்புகளை 16,384 ஆல் வகுத்துக் கொடுக்கும். நேரத்தைத் திருத்த ஒரு பிரீசெட் (திருகி மாற்றும் மின்தடை) போட்டுக்கொள்ளுங்கள்.