மாஸ்க்குக்கு பதிலா ஃபேஸ் ஷீல்டு மட்டும் போட்டா போதுமா?

போதாதுங்க. ஃபேஸ் ஷீல்டுங்கறது நெத்தியில மாட்டி தாடை வரைக்கும் தொங்கற பிளாஸ்டிக் தகடு, அவ்ளோதான். மாஸ்க் போட்டா நாம இழுக்கற காத்து துணி வழியா வடிகட்டி வரும், கிருமி இருக்கற துளி நிறைய அந்த இழையில ஒட்டிக்கும். பிளாஸ்டிக் வழியா காத்து போகாதே, அதனால கீழயும் ரெண்டு பக்கமும் இருக்கற இடைவெளி வழியா அப்படியே உள்ள வரும் வெளிய போகும், எதுவுமே வடிகட்டறதில்ல.

கடுகு தாளிக்கும்போது மூஞ்சிக்கு முன்னாடி ஒரு தட்டை பிடிச்சுப் பாருங்க, எண்ணெய் மேல தெறிக்காது, ஆனா மிளகாய் கிள்ளிப் போட்டதும் அந்த நெடி தட்டை சுத்தி வந்து இருமல் வருதுல்ல? தும்மல்ல வர்ற பெரிய துளி எண்ணெய் மாதிரி, பேசும்போதும் மூச்சு விடும்போதும் வர்ற நுண்துளி அந்த நெடி மாதிரி, காத்துலயே மிதக்கும்.

2020ல ஜப்பான்ல ரிகென் ஆய்வு மையம் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டர்ல இதை கணக்கு போட்டுப் பார்த்தாங்க, 5 மைக்ரோமீட்டரை (ஒரு மைக்ரோமீட்டர்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) விட சின்ன துளி கிட்டத்தட்ட 100 சதவீதமும் ஷீல்டைத் தாண்டி வெளிய போயிடுதாம். 50 மைக்ரோமீட்டர் பெரிய துளியே பாதி தப்பிச்சுடுது! வீட்ல வயசானவங்க இருந்தா தயவுசெஞ்சு ஷீல்டை மட்டும் நம்பாதீங்க, மூச்சு முட்டுதுன்னா கூட்டமில்லாத இடமா போய் மாஸ்க்கை கொஞ்சம் கழட்டிட்டு வாங்க.

"அப்போ டாக்டருங்க மட்டும் ஏன் ஷீல்டு போடறாங்க"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அவங்க அதை மாஸ்க்குக்கு பதிலா போடல, கண்ணுல துளி தெறிக்காம இருக்க மாஸ்க்குக்கு மேல போடறாங்க.